தனுஷ்கோடியில் இலங்கைச் சாப்பாடு: மதுரைப் பயணக்குழு ஒன்றின் புகாரும் அதன் பின்னணியும்

மதுரை பழங்காநத்தத்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பமும் அவர்களுடைய அக்கம்பக்கத்தாருமாகச் சேர்ந்து, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்த மே மாதத்தில், இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இரண்டு நாள் வேன் பயணம் போய்வந்தார்கள். ஏற்பாடு செய்தது மதுரையிலுள்ள ஒரு சிறிய பயண நிறுவனம். ஊர் திரும்பிய அதே வாரத்தில், குழுவின் சார்பாக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கைப்பட எழுதிய புகாரை நிறுவனத்திடம் கொடுத்தார். வண்டி, ஓட்டுநர், தங்குமிடம், கோயில் தரிசனம் ஆகிய எதிலும் அவர்களுக்குக் குறையில்லை. குறை முழுவதும் சாப்பாட்டைப் பற்றியது. நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்திருந்த பயண நிரலில், முதல் நாள் மதியத்துக்கு நேராக, ‘எல்லையோர உணவு, இலங்கைச் சுவையுடன்’ என்று ஒரு வரி இருந்தது. ஆசிரியையின் கடிதம் அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, “எங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்காத எதையும் நாங்கள் அங்கே சாப்பிடவில்லை” என்று முடிந்திருந்தது.

இப்படிப்பட்ட புகார்களை விசாரித்து நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதித் தருவது என் வேலையின் ஒரு பகுதி. இந்தப் புகாருக்காகக் குழுவினரோடும் ஓட்டுநரோடும் தனுஷ்கோடியிலும் இராமேசுவரத்திலும் உள்ள கடைக்காரர்கள் சிலரோடும் பேசினேன். வழித்தடத்தையும் மறுபடி போய்ப் பார்த்தேன். நிரலில் எழுதியதைக் கொடுக்கவில்லை என்ற அளவில் புகார் நியாயமானது; அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் அச்சிட்ட அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வரி இல்லாமலே கூட, குழுவில் பாதிப்பேர் அங்கே இலங்கைச் சமையல் இருக்கும் என்று நம்பித்தான் வேனில் ஏறியிருந்தார்கள். அந்த நம்பிக்கை எதன்மேல் நின்றது, ஏன் பொய்த்தது, அவர்கள் தேடிய சாப்பாடு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

எதிர்பார்ப்பு வந்த வழி

மதுரைக்காரர்களுக்கு எல்லையோரச் சாப்பாடு என்பது புதிய விஷயம் அல்ல. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியில் குளித்த கையோடு செங்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுத் திரும்புவதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். மதுரையிலேயே ‘பார்டர்’ என்று போர்டு வைத்த பரோட்டாக் கடைகள் பெருகிவிட்டன. தேக்கடிக்குப் போகிறவர்கள் குமுளியில் இறங்கியதும் கப்பையும் மீன்கறியும் கேட்கிறார்கள்; அங்கே அது கிடைக்கவும் செய்கிறது. இந்தக் குழுவில் இருந்த ஏறக்குறைய எல்லாருமே அந்த இரண்டு இடங்களிலும் சாப்பிட்டவர்கள். எல்லைக்கோட்டை நெருங்க நெருங்க அடுத்த பக்கத்துச் சமையல் தானாகவே வந்து சேரும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட பாடம்.

அதோடு இளையவர்களிடம் செல்போன் இருந்தது. கல்லூரி முடித்த பையன் ஒருவன் யூடியூபில் பார்த்ததை வைத்து ஒடியல் கூழ், பால் அப்பம், சொதி, கொத்து ரொட்டி என்று ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தான். தனுஷ்கோடியை நெருங்கும்போது அவனுடைய செல்போனில் இலங்கைக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. அந்தக் கரையில் அக்கரைக் கோபுரத்தின் அலைவரிசையைச் செல்போன்கள் பிடித்துக்கொள்வது வழக்கமான சங்கதி. ஆனால் வேனுக்குள் அது பெரிய ஆரவாரத்தைக் கிளப்பியது என்று ஓட்டுநர் சொன்னார். ஆசிரியையின் தம்பிக்கோ வேறொரு காரணம். அவர் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அக்கரை என்பது காதுக்கு எட்டும் தூரம்தான் என்ற எண்ணம் அவருக்கு இன்னும் மாறவில்லை.

இத்தனையும் சேர்ந்திருந்த இடத்தில்தான் நிறுவனத்தின் அந்த ஒரு வரி வந்து விழுந்தது. அதை எழுதிய அலுவலரிடம் கேட்டேன். தனுஷ்கோடியில் மீன் பொரித்துத் தருகிறார்கள், எதிரே இலங்கை இருக்கிறது, ஆகவே எழுதினேன் என்றார். வேறு ஆதாரம் எதுவும் அவரிடம் இல்லை.

முதல் நாள் மதியம்

காலையில் மதுரையை விட்டுக் கிளம்பிய வேன் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகப் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து, இராமேசுவரத்தில் நிற்காமல் நேரே தனுஷ்கோடிக்குப் போனது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரையிலும் கார், வேன் போகும்படி சாலை திறக்கப்பட்டது 2017இல்தான். அதற்கு முன்பு மணலில் ஓடும் ஜீப்புகளில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். சாலை வந்த பிறகு கூட்டம் பெருகியது; கூட்டத்துக்கேற்ப இரு பக்கமும் ஓலைக் கொட்டகைக் கடைகளும் பெருகின. சங்கு, சிப்பி, பாசிமணி விற்கும் கடைகளுக்கு நடுநடுவே சாப்பாட்டுக் கொட்டகைகள் இருக்கின்றன.

குழு நுழைந்த கொட்டகையில், முன்பக்கத்து மேசையில், மசாலா தடவிய மீன்கள் தட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பாறை, சீலா, விளமீன், இரண்டொரு நண்டு, ஒரு கிண்ணத்தில் கணவாய். மசாலாவின் நிறம் அந்த வெயிலிலும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. பட்டியல் வைத்திருந்த பையன் கடைக்காரரிடம், “அண்ணே, இங்க இலங்கைச் சாப்பாடு எதுண்ணே?” என்று கேட்டிருக்கிறான். “இலங்கையா? அது அங்கிட்டு இருக்கு தம்பி. இங்க சோறு, மீன் குழம்பு, பொரிச்ச மீனு. அம்புட்டுத்தேன்” என்று பதில் வந்தது. மசாலா யாருடைய கைப்பக்குவம் என்று ஆசிரியை விசாரித்தபோது, கடைக்காரரின் மனைவி ஒளிவுமறைவு இல்லாமல் பாக்கெட்டையே எடுத்துக் காட்டினார். மதுரைச் சந்தையிலும் விற்கும் அதே பாக்கெட்.

நான் போனபோது அதே கொட்டகையின் பின்பக்கம் ஒரு சிறிய அலுமினியச் சட்டி அடுப்பில் இருந்தது. அன்று காலை கரைவலையில் விழுந்த சூடை மீன்களைத் தலையைக் கிள்ளி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்டு, நீர்த்த புளிக்கரைசலில் கொதிக்க வைத்திருந்தார்கள். தேங்காய் இல்லை, மசாலாத் தூள் இல்லை, மேலே எண்ணெய் மிதக்கவில்லை. அது கடைக்காரக் குடும்பத்துக்கான மதியக் குழம்பு. அதை ஏன் விற்பதில்லை என்று கேட்டதற்கு அந்த அம்மா சிரித்தார். “முள்ளு மீனு. வாறவுகளுக்கு இதெல்லாம் ஆகாது. வெள்ளையா இருந்தா குழம்பான்னு கேப்பாக.” பாக் நீரிணைக் கரையின் அன்றாடச் சமையல் எது என்று கேட்டால், என் கணிப்பில் அந்தச் சட்டியில் இருந்ததுதான். குழுவினர் அதற்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்து பாக்கெட் மசாலா போட்ட பாறையைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார்கள்.

மீன் புதிதாக இல்லை என்பது புகாரில் இருந்த இன்னொரு குறை. அதற்கு நாள்காட்டியைப் பார்த்தாலே போதும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான தடைக்காலம் அது. அந்நாட்களில் நாட்டுப்படகும் கரைவலையும் கொண்டுவருவதுதான் உள்ளூர் மீன். மிச்சமெல்லாம் தடை பின்னால் தொடங்குகிற மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது. பள்ளி விடுமுறையும் மீன்பிடித் தடையும் ஒரே மாதங்களில் விழுவதால், மிக அதிகமானோர் கடற்கரைக்கு மீன் சாப்பிடப் போகும் காலமே அங்கே மீன் மிகக் குறைவாக இருக்கும் காலமாகவும் அமைந்துவிடுகிறது. பயணம் ஏற்பாடு செய்கிற எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அது எந்த மாதிரியான எல்லை

பிரானூரையும் குமுளியையும் வைத்துத் தனுஷ்கோடியை அளந்ததில்தான் குழுவின் கணக்குப் பிசகியது. முதல் இரண்டும் மாநில எல்லைகள். பேருந்து ஓயாமல் போகிறது, வருகிறது. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் கம்பத்துக்குத் திரும்புகிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்து, பிறகு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அங்கே மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கோடுதான் இடம் மாறியது. ஆகவே இரு பக்கத்துச் சமையலும் ஒரே அடுப்பில் வேகிறது.

தனுஷ்கோடிக்கு எதிரே இருப்பது கடலில் போட்ட கோடு. 1974லும் 1976லும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் அந்தக் கோட்டை வகுத்தன. அதைத் தாண்டித் தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தூரத்தை முறைப்படி கடக்க இன்றைக்கு அங்கே வழி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், சென்னையில் போட் மெயிலில் ஏறியவர்கள் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில் ஏறினார்கள். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் இலங்கையில் மூண்ட போரோடு நின்றுபோனது. இப்போது பயணிகள் கப்பல் போவது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. இராமேசுவரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கள்ளத்தனமாகப் போகிற பொருள்கள் உண்டு. அவற்றில் சமையல் பொருளும் உண்டு. இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைத் தடுத்து, அங்கே விலை ஏறிய காலத்தில், இராமநாதபுரம் கடற்கரையில் படகில் ஏற்றக் காத்திருந்த மஞ்சள் மூட்டைகள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. சொதிக்குப் போட வேண்டிய மஞ்சள் இங்கிருந்து போகிறது. சொதி இங்கே வருவதில்லை. சரக்கு இருட்டில் கடந்துவிடும், சமையல் அப்படிக் கடக்காது. அதற்கு ஒரு குடும்பம் வந்து அடுப்பு மூட்டி, நாலு பேருக்குப் பரிமாறி, அந்த நாலு பேரும் மறுநாளும் வர வேண்டும்.

அப்படி வந்த குடும்பங்கள் இருக்கவே இருக்கின்றன. 1983 முதல் போரின் ஒவ்வொரு கட்டத்திலும், பிறகு 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடியிலும், படகில் வந்து இதே மணல்திட்டுகளில் இறங்கியவர்கள் அவர்கள். அவர்களைக் கடலோரக் காவல் போலீசார் விசாரித்து மண்டபம் முகாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து தமிழ்நாடெங்கும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரிந்து போகிறார்கள். தனுஷ்கோடி அவர்கள் கால் பதித்த இடமே தவிர, உலை வைத்த இடம் அல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். குழுவின் பட்டியலில் இருந்தது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் சமையல். அரிச்சல்முனைக்கு நேர் எதிரே இருப்பதோ மன்னார்த் தீவு. கட்டுமரத்துக்கும் படகுக்கும் பழகிய மீனவர்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கர்களும் நிறைந்த அந்தத் தீவின் சாப்பாட்டை யாழ்ப்பாணம் என்று எண்ணுவது, இராமநாதபுரத்துக்காரரிடம் போய்க் கொங்குநாட்டுச் சாப்பாடு கேட்பது போன்றது.

யாருக்காகச் சமைக்கிறார்கள்

இரவு உணவுக்குக் குழு இராமேசுவரத்துக்குத் திரும்பியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மீன் கிடைக்கும் கடையைத் தேடி அலைந்து, கடைசியில் இட்லியும் பூரியும் சாப்பிட்டுப் படுத்ததாகப் புகார் சொல்கிறது. அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. போர்டுகளில் தமிழோடு இந்தியும் குஜராத்தியும் இருக்கின்றன. ஆலு பராத்தாவும் தால் சாவலும் அங்கே அன்றாட உணவு. இராமேசுவரம், இந்துக்கள் யாத்திரை போகும் நான்கு தாமங்களில் ஒன்று. காசிக்குப் போகிறவர்கள் இங்கிருந்து மணல் எடுத்துப்போவதும், அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து இங்கே அபிஷேகம் செய்விப்பதும் நெடுங்கால வழக்கம். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைந்து வெளியே வருகிற மார்வாடிக் குடும்பத்துக்குத் தேவை வெங்காயம் பூண்டு இல்லாத சப்பாத்தி. கடைகள் அதைத்தான் சமைக்கின்றன. நாட்டின் தெற்கு விளிம்பில் இருக்கிற ஒரு தீவில், ராஜஸ்தான் சாப்பாடு சுலபமாகவும் இலங்கைச் சாப்பாடு அரிதாகவும் கிடைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நல்ல மீன், நண்டு, இறால், கணவாய் என்று கடலிலிருந்து வருகிற விலையுள்ள சரக்கு துறைமுகத்திலேயே ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும் கேரளத்துக்கும் எடைபோட்டுப் போய்விடுகிறது. மீதியைத்தான் ஊர் சாப்பிடுகிறது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மீனவர் வீடுகளில் சமைக்கிற திருக்கைப் புட்டையும் கருவாட்டுக் குழம்பையும் கடை போட்டு விற்க யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் கேட்டு வருகிறவர் இல்லை. கேட்டு வந்த ஒரே குழுவும் இலங்கைச் சாப்பாட்டைத்தான் கேட்டது.

வேன் தாண்டிப் போன சாப்பாடு

போகும்போது உச்சிப்புளிக்கு அருகில் சாலையோரப் பனந்தோப்பில் வேனை நிறுத்திப் பதநீரும் நுங்கும் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்ததா என்று நான் கேட்டபோது எல்லாரும் ஒரே குரலில் புகழ்ந்தார்கள். ஆனால் பயணத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. பட்டியலில் இருந்த ஒடியல் கூழுக்கு மூலமும் அதே பனைதான். பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல்; அதை இடித்து மாவாக்கி, மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை சேர்த்துக் காய்ச்சுவது யாழ்ப்பாணத்துக் கூழ். இராமநாதபுரத்தில் கிழங்கு பொங்கலையொட்டி வருகிறது. இங்கே அதை அவித்தே தின்றுவிடுகிறார்கள். மரமும் கடலும் இரு கரைக்கும் பொது. மே மாதத்தில் அந்த மரம் தருவது நுங்கும் பதநீரும். அவை இரண்டும் குழுவின் கையில் இருந்தன.

இதைவிடப் பெரிய இழப்பு கீழக்கரை. இராமநாதபுரத்திலிருந்து தெற்கே திரும்பினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். முத்து, சங்கு, மாணிக்கக்கல் என்று தலைமுறை தலைமுறையாக இலங்கையோடும் கிழக்கே மலாய்த் தீவுகளோடும் வாணிபம் செய்த முஸ்லிம் மரைக்காயர்களின் ஊர் அது. அங்கே கடைகளில் விற்கும் தொதல், அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் அகலமான சட்டியில் மணிக்கணக்காகக் கிண்டி, நெய் பிரிந்து கரண்டியில் ஒட்டாமல் வரும் பதத்தில் இறக்குவது. கறுத்து, பளபளத்து, கத்தி வைத்தால் இழுபடும். இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே பண்டம் ஏறக்குறைய இதே பெயரோடு இருக்கிறது. முட்டையையும் தேங்காய்ப்பாலையும் வெல்லத்தையும் கலந்து ஆவியில் அவிக்கும் வட்டிலப்பம், கீழக்கரை, காயல்பட்டினம் கல்யாண வீடுகளிலும் உண்டு, கொழும்பு முஸ்லிம் வீடுகளிலும் உண்டு. கடல் கடந்து வந்த சாப்பாடு வேண்டும் என்று கிளம்பிய வேன், இராமநாதபுரத்தில் டீசல் போட நின்று, கீழக்கரைப் பிரிவைப் பார்த்தபடியே திரும்பாமல் போய்விட்டது. ஓட்டுநர் பரமக்குடிக்காரர். “நிரல்ல இல்லைங்க சார், நானா திருப்பினா நேரம் போச்சுன்னு சத்தம் போடுவாங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மதுரைக்குள்ளேயே

விசாரணையின் ஒரு கட்டத்தில் ஆசிரியையே ஒரு கேள்வி கேட்டார். “அப்போ அந்தச் சமையல் தெரிஞ்சவங்க எங்கதான் இருக்காங்க?” மதுரை மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அகதிகள் முகாம் என்று வழங்கிவந்ததை 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று அரசு அழைக்கிறது. அவற்றுள் ஒன்றில், விசேஷங்களுக்குச் சொல்லி வைத்தால் சமைத்துக் கொடுக்கும் ஒரு பெண்மணியைத் தெரிந்தவர் மூலம் கண்டுபிடித்து, ஆசிரியையும் அவருடைய தம்பியும் நானும் போனோம்.

வறுத்த அரிசி மாவில் வெந்நீரைத் தெளித்துப் பிசிறி, ஒரு தகர டின்னின் விளிம்பால் டக்டக்கென்று கொத்திக்கொண்டே அவர் பேசினார். மாவு குருணை குருணையாக உதிர்ந்து வந்ததும், பனையோலையில் கூம்பாகப் பின்னிய நீத்துப்பெட்டியில் தேங்காய்ப்பூவோடு கொட்டி, பானை வாயில் செருகினார். அந்த நீத்துப்பெட்டியை மண்டபம் முகாமில் இருக்கும் உறவுக்காரர் பின்னிக் கொடுத்தாராம். பக்கத்து அடுப்பில் சொதி. பச்சை மிளகாயும் வெங்காயமும் மஞ்சளும் போட்ட தேங்காய்ப்பாலைக் கொதி ஏறும் முன்பே இறக்கி, பிறகு எலுமிச்சை பிழிந்தார். நம் திருநெல்வேலிச் சொதியின் பாசிப்பருப்பும் காய்களும் இதில் கிடையாது. தண்ணீர் போல ஓடுகிறது.

“யாழ்ப்பாணத்துச் சமையல்தானே அம்மா?” என்று தம்பி கேட்டார். “இல்லை ஐயா, நாங்கள் மன்னார்ப் பக்கம். யாழ்ப்பாணத்து ஆக்கள் வேற மாதிரிச் செய்வினம். நான் வரேக்கை சின்னப் பிள்ளை. அம்மா செய்யிறதைப் பாத்துப் பழகினதுதான்.” தூளும் இங்கே கிடைக்கிற மிளகாயில்தான் வறுக்கிறார். இராமநாதபுரத்து முண்டு மிளகாய் கிடைத்தால் நிறம் நன்றாக வருகிறது, காரம் மட்டும் போதாது என்றார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த உருண்டை மிளகாய்க்கு அவரிடமிருந்து கிடைத்த சான்றிதழ் அவ்வளவுதான். ஆசிரியை பிள்ளைகளைப் பற்றி விசாரித்தபோது அவர் சொன்னது: “என்ர பிள்ளையள் புட்டு எண்டா முகத்தைச் சுழிக்குதுகள், ரீச்சர். பரோட்டாவும் சால்னாவும் வேணுமாம். இஞ்ச பிறந்ததுகள்தானே.”

பழங்காநத்தத்தில் இருந்து நகரப் பேருந்திலேயே போய்விடக்கூடிய தூரம் அது. குழுவினர் கடலோரம் வரை தேடிப்போன சாப்பாடு அங்கே இருந்தது. ஆனால் இதை ஒரு சுற்றுலாக் காட்சியாக மாற்றுவதை நான் பரிந்துரைக்கவில்லை. முகாம் என்பது மக்கள் குடியிருக்கிற இடம். வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. வேன் வேனாக ஆட்களை இறக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பது முறையல்ல. சொல்லி வைத்துச் சமைத்து வாங்கி, உரிய விலை கொடுத்து, வெளியே சாப்பிடுவது வேறு.

நிறுவனத்துக்குச் சொன்னவை

உணவுக்காக வாங்கிய தொகையில் முதல் நாள் மதியத்துக்கானதைத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதினேன், கொடுத்துவிட்டார்கள். ‘இலங்கைச் சுவை’ என்ற வரி நிரலிலிருந்து நீங்கியது. அதற்குப் பதிலாகத் தனுஷ்கோடி மதியத்துக்கு ‘சோறு, மீன் குழம்பு, பொரித்த மீன்’ என்று உள்ளதை உள்ளபடி போட்டார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை போகும் பயணங்களுக்கு, தடைக்காலத்தில் மீன் வகை குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும் என்ற குறிப்பு சேர்ந்தது. இராமேசுவரத்து இரவுச் சாப்பாடு சைவம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மதுரைக்காரர்களில் சிலர் அதைக் கேட்டதும் கருவாட்டுப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொள்கிறார்களாம்.

வழித்தடத்தில் செய்த மாற்றம் ஒன்றுதான். இரண்டாம் நாள் திரும்பும் வழியில் கீழக்கரை. தொதல் வாங்கவும் கடலோரத்துப் பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்க்கவும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். தனுஷ்கோடிக் கொட்டகைக்கார அம்மாவிடம், முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைத்தால் வீட்டுக் குழம்பையே கூடுதலாக வைத்துத் தர முடியுமா என்று ஓட்டுநர் மூலம் கேட்டிருக்கிறார்கள். முள் மீனுக்குச் சம்மதமா என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்டுச் சொல்லும்படி பதில் வந்திருக்கிறது.

மாற்றிய நிரலோடு போன அடுத்த குழுவிடமிருந்தும் ஒரு குறை வந்தது. கீழக்கரையில் கடை திறந்திருந்தும் வட்டிலப்பம் கிடைக்கவில்லை என்பது அது. வட்டிலப்பம் கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் வீட்டில் அவிப்பது, கடையில் எந்நாளும் இருக்காது என்று நிரலில் ஒரு வரி சேர்க்கும்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்.